டெல்லி போடும் கல்வித் திட்டங்கள்... பிள்ளையார் சுழி போட்டது எந்த மாநிலம் தெரியுமா?

தேசியக் கல்விக் கொள்கை என்றாலே, டெல்லியில் ஒரு குழு உட்கார்ந்து எழுதி மாநிலங்களுக்கு அனுப்பிவைப்பது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால், இன்று நாடு முழுக்கப் பள்ளிகளில் நடக்கும் பல விஷயங்கள், ஏதோ ஒரு மாநிலத்தில் தொடங்கியவைதான். மதியம் பிள்ளைகளின் தட்டில் விழும் சோறு அதற்கு முதல் சாட்சி.

39 வருஷம் நடந்த சோறு

1956-ல் காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. வயிறு காய்ந்தால் பிள்ளை பள்ளிக்கு வராது, வந்தாலும் பாடம் ஏறாது என்ற எளிய கணக்குதான் காரணம். 1982-ல் எம்.ஜி.ஆர் அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 'இவ்வளவு செலவை அரசு தாங்குமா?' என்ற கேள்வியும் கூடவே வந்தது.

ஆனால் திட்டம் நிற்கவில்லை, பரவியது. 1980-களின் நடுவிலேயே தமிழ்நாடு, கேரளா, குஜராத், புதுச்சேரி ஆகியவை தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொந்தச் செலவில் சமைத்துப் போட்டன. 1990-91-ல் சொந்தப் பணத்தில் மதிய உணவு தந்த மாநிலங்களின் எண்ணிக்கை 12 ஆனது. அதற்குப் பிறகுதான், 1995 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு இதைத் தேசியத் திட்டமாக அறிவித்தது.

அப்போதும் பல மாநிலங்களில் சமைத்த சோறு கிடைக்கவில்லை. மாதம் 3 கிலோ தானியத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், 'சமைத்த உணவுதான் தர வேண்டும்' என்று உத்தரவிட்டது. 'தினமும் இத்தனை பிள்ளைகளுக்குச் சமைப்பது நடக்கிற காரியமா?' என்று யாரும் கேட்க முடியவில்லை. தமிழகம் போன்ற மாநிலங்களில் பல வருஷமாக அடுப்பு எரிந்துகொண்டிருந்தது!

2021-ல் இந்தத் திட்டம் 'பி.எம். போஷன்' என்று பெயர் மாறியபோது மத்திய அரசு சொன்ன கணக்கு: 11.20 லட்சம் பள்ளிகள், 11.80 கோடி பிள்ளைகள்.

நல்லதும் பரவும், குறையும் பரவும்

கேரளாவின் எர்ணாகுளம் மாவட்டம் 1990-ல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்த அந்த முறைதான், பிறகு நாடு முழுக்க அறிவொளி இயக்கமாக நடந்தது.

மத்தியப் பிரதேசம் 1997-ல் கல்வி உறுதித் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இல்லாத ஊர்க்காரர்கள் கேட்டால், 90 நாளில் பள்ளி தர வேண்டும். எட்டாத குக்கிராமங்களுக்கும் பள்ளி போனது. பின்னாளில் சர்வ சிக்ஷா அபியான் இதைச் சேர்த்துக்கொண்டது. ஆனால், அங்கே பாடம் எடுத்த 'குருஜி'க்களுக்குச் சம்பளம் குறைவு, முழு ஆசிரியர் அந்தஸ்தும் இல்லை. மலிவாக ஆசிரியரை வைக்கும் அந்தப் பழக்கமும் சேர்ந்தே பரவியது என்பதுதான் கல்வியாளர்களின் வருத்தம்.

'வேண்டாம்' என்று சொன்னாலும் மாறும்

செய்து காட்டுவது ஒரு வழி. மறுப்பது இன்னொரு வழி. 2019 மே 31 அன்று வெளியான தேசியக் கல்விக் கொள்கை வரைவில், இந்தி பேசாத மாநிலங்களிலும் மூன்று மொழிகளில் ஒன்றாக இந்தி இடம்பெற்றிருந்தது. 1968 முதல் இருமொழிக் கொள்கையில் இருக்கும் தமிழகம் கொதித்தது. ஜூன் 3 அன்றே வரைவு திருத்தப்பட்டது. 2020-ல் வந்த இறுதிக் கொள்கையில், எந்த மாநிலத்தின் மீதும் எந்த மொழியும் திணிக்கப்படாது என்ற வரி இருக்கிறது. மும்மொழித் திட்டம் என்னவோ அப்படியே இருக்கிறது.

பணப்பை யார் கையில்?

1976-ல் நெருக்கடி நிலை நேரத்தில், 42-வது சட்டத் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. இரண்டு அரசுகளும் சட்டம் போடலாம். முரண்பட்டால் பெரும்பாலும் மத்தியச் சட்டம்தான் நிற்கும். சமக்ர சிக்ஷா திட்டத்தில் பெரும்பாலான மாநிலங்களுக்கு 60 சதவிகிதப் பணமும் மத்திய அரசிடமிருந்துதான் வர வேண்டும்.

இந்த இடத்தில்தான் சிக்கல். பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் சேர, தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். தமிழகம் போடவில்லை. 2024-25-க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நின்றுபோனது. 2025 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போனது.

இதில் அடிபட்டது சாதாரணக் குடும்பங்கள். தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவிகித இடங்களுக்கும் இந்த நிதியிலிருந்துதான் பங்கு வர வேண்டும். வழக்கமாகக் கோடையில் தொடங்கும் அந்தச் சேர்க்கை, 2025-ல் நீதிமன்றப் படியேறி, அதற்கான பங்கு விடுவிக்கப்பட்ட பிறகு அக்டோபரில்தான் தொடங்கியது. பள்ளி திறந்து நான்கு மாதம் ஓடிவிட்டது!

அடுத்தது காலை உணவு?

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த வருஷமே அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. தெலங்கானாவும் 2023-ல் காலை உணவைத் தொடங்கியது.

பள்ளியில் காலை உணவு தரலாம் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கையும் சொல்கிறது. ஆனால், 2021-ல் ஒப்புதல் பெற்ற பி.எம். போஷனில் அதற்கு இடம் இல்லை. 1995-க்கு முன் மதியச் சோற்றுக்கு நடந்ததுபோலவே, இப்போதும் மாநிலங்கள் சொந்தப் பணத்தில் உப்புமாவும் பொங்கலும் போடுகின்றன.

மதிய உணவு எட்டயபுரத்திலிருந்து டெல்லிக்குப் போய்ச்சேர 39 வருஷம் ஆனது. காலை உணவுக்கும் அவ்வளவு காலம் ஆனால், அது தொடங்கிய 2022-ல் ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு அப்போது 45 வயது ஆகியிருக்கும்.