லெனா நதி: இயற்கையும் தொலைவும்

சைபீரிய நதிகளைப் பற்றிய எழுத்துக்களிலே "தொலைதூரம்", "பாழ்வெளி" என்னும் அடைமொழிகள் அடிக்கடி இடம்பெறுகின்றன. இவை இயற்கையை வருணிப்பனவா, அன்றி ஒரு சமூக நோக்கினை வெளியிடுவனவா என்பது ஆராயத்தக்கது. லெனா நதியை எடுத்துக்கொண்டு இவ்வினாவை நோக்குவோம்.

பைக்கால் ஏரிக்கு மேற்கே, அதற்கு மிக அண்மையிலுள்ள மலைகளில் லெனா ஊற்றெடுக்கின்றது. எனினும், ஏரியிற் கலவாது ஏறத்தாழ 4,300 கி.மீ. பாய்ந்து ஆர்க்டிக் சமுத்திரத்தின் லப்தேவ் கடலை அடைகின்றது. விட்டிம், ஒலெக்மா, அல்டான், வில்யுய் என்பன இதன் பிரதான துணையாறுகள். இதன் வடிநிலம் ஏறத்தாழ 25 இலட்சம் சதுர கி.மீ.; கழிமுகம் ஏறத்தாழ 30,000 சதுர கி.மீ.

ஆற்றுப்பெருக்கைப் பருவமழையோடு இணைத்து நோக்கப் பழகிய நமக்கு இந்நதியின் இயக்கம் புதுமையானது. வடிநிலத்தின் பெரும்பகுதி ஆண்டு முழுவதும் உறைந்த நிலமாதலின் உருகும் பனிநீர் ஆழத்துக்குள் இறங்க வழியின்றி ஆற்றையே சேர்கின்றது. மேலும், நதி குளிரை நோக்கிப் பாய்வதால், தெற்கே பனிக்கட்டி உடையும் வேளையில் வடபகுதி இன்னும் உறைந்தே கிடக்கும். மிதந்துவரும் பனிப்பாளங்கள் அங்கு தடைப்பட்டு அணைபோலாகின்றன. 2001 மே மாதத்தில் லென்ஸ்க் நகரைப் பேரழிவுக்குள்ளாக்கிய வெள்ளம் இவ்வாறு விளைந்ததே. ஆனால், அதே பனிக்கட்டி மாரியில் பாரவண்டிகள் செல்லும் வீதியாகவும் பயன்படுகின்றது.

இந்நதிக்கரைகளில் வாழும் ஈவெங்கி, சாகா மக்களுக்கு லெனா தொலைவிலுள்ள ஒன்றன்று. இலாபம் தேடிய மூலதனத்துக்கும் அது தொலைவாய் இருக்கவில்லை. விட்டிம் பிரதேசத் தங்கச் சுரங்கங்களின் பெரும்பான்மைப் பங்குகள், இலண்டனிற் பதிவுபெற்ற ஒரு கம்பனியிடம் இருந்தன. 1912 ஏப்ரிலில், கெட்டுப்போன இறைச்சியையும் நீண்ட வேலைநேரத்தையும் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது சார் மன்னனின் படையினர் சுட்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சுரங்கத்தின் இலாபம் இலண்டனை எட்டியது; தொழிலாளரின் குரலுக்கே தொலைவு தடையாயிற்று.

இவ்விடத்திலே மற்றொன்றையும் நாம் மறைத்தலாகாது. 1942இல் லித்துவேனியர், பின்லாந்தியர் முதலானோர் இதே கழிமுகத்துக்கு நாடுகடத்தப்பட்டு, மீன்பிடித் தொழிலில் ஈடுபடுத்தப்பட்டனர். குளிராலும் பட்டினியாலும் பலர் இறந்தனர். சோஷலிசத்தின் பெயரால் நிகழ்ந்தமையால் அது நியாயமாகிவிடாது. அவர்களைக் கொன்றது குளிர் மட்டுமே என்பது இயற்கையின் மீது பழிசுமத்துவதாகும்.

இன்று புவி வெப்பமடைவதால் அவ்வுறைநிலம் உருகத் தொடங்கியுள்ளது. அதனுள் அடைபட்டிருந்த காபன் வளிமண்டலத்திற் சேர்கின்றது. அதன் விளைவு ஆர்க்டிக் எல்லையோடு நின்றுவிடப் போவதில்லை. எனவே, "தொலைவு" என்பது வெறும் புவியியல் அளவன்று. யாருடைய இழப்புக்கள் கணக்கிற் சேர்க்கப்படுகின்றன, யாருடையவை விடப்படுகின்றன என்பதை மறைக்கும் திரையுமாகும்.