பாஸ் மீனும் பருவங்களும்

யாழ்ப்பாணக் கரையோரத்து மீனவர்க்கு ஆண்டென்பது காற்றுக்களால் வகுக்கப்பட்டதொன்றாகும். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்னும் பெயர்களைக் கொண்டே, எக்கடலில் எவ்வலையை எப்பொழுது இடலாம் என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கணித்து வந்துள்ளனர். கனடா நாட்டு ஏரிகளில் தூண்டில் போடுவோரும் காற்றைக் கவனியாமலில்லை. ஆயினும் அவர்கள் முதற்கண் ஆராய்வது நீரின் வெப்பத்தையே. பாஸ் என்னும் மீனைப் பிடித்தற்கு ஆண்டில் எப்பருவம் உகந்தது என்ற வினா அந்நாட்டு ஏரிக்கரைகளில் ஓயாது வாதிக்கப்படுவது. எமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று ரொறன்ரோ நகரிலும் அதன் அயலிலும் வாழ்கின்றனர். நாமும் அவர்களுள் ஒருவராய்ப் பல ஆண்டுகளாக அவ்வாதத்திற் கலந்துகொண்டவராதலின், அது பற்றிச் சில கூற இம்மலரில் இடங் கேட்டுப் பெற்றோம்.

முதலிற் பெயர் பற்றிய மயக்கத்தைத் தீர்த்தல் வேண்டும். மட்டக்களப்பு வாவியிலும் எமது பரவைக் கடல்களிலும் பிடிபடும் கொடுவாயை ஆங்கிலத்தில் ஆசியக் கடற் பாஸ் என்பர். ஆணாக வளர்ந்து பின்னர் பெண்ணாக மாறும் விந்தையுடைய அம்மீனுக்கும், நாம் ஈண்டு கூறவந்த வட அமெரிக்க நன்னீர் மீனாகிய கறுப்புப் பாசுக்கும் பெயரொற்றுமையன்றி நெருங்கிய உறவில்லை. கறுப்புப் பாஸ், சூரியமீன் எனப்படும் குடும்பத்தைச் சார்ந்தது. பெருவாய், சிறுவாய் என இருவகை சிறப்பாகப் பேசப்படும். பெருவாய்ப் பாஸ் அல்லியும் நீர்ப்பூண்டும் அடர்ந்த வெதுவெதுப்பான நீரை விரும்பும். சிறுவாய்ப் பாஸ் கல்லும் பாறையுமுள்ள தெளிந்த நீரை நாடும். 1802ஆம் ஆண்டில் பிரெஞ்சு விலங்கியலறிஞர் லாசெப்பேட் இவ்வினத்துக்குச் 'சிறு துடுப்பு' எனப் பொருள்படும் பெயரையிட்டார். அவர் கையிற் கிடைத்த மீனின் முதுகுத் துடுப்புக் கிழிந்திருந்தமையால், அதன் கடைசித் துண்டைத் தனித்ததொரு சிறு துடுப்பென்று அவர் கருதிவிட்டாராம். ஊனமுற்ற ஒரு மீனால் இனம் முழுவதும் பெயர் பெற்றது.

இனிப் பருவங்களுக்கு வருவோம். இவற்றை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், எமது கல்லூரி விஞ்ஞானகூடத்துக்கு ஒருமுறை மீண்டு செல்லல் நலம். பௌதிக வகுப்பில் ஹோப்பின் கருவியைக் கண்ட மாணவர் பலரிருப்பர். நீர் நிறைந்த நீண்டதொரு பாத்திரம். அதன் இடுப்பைச் சுற்றி ஐசும் உப்புங் கலந்த கலவை. மேலொன்றும் கீழொன்றுமாக இரு வெப்பமானிகள். முதலிற் கீழ் வெப்பமானி இறங்கும். 4 பாகை செல்சியசை அடைந்ததும் அஃது அங்கேயே நின்றுவிடும். அதன் பின்னரே மேல் வெப்பமானி இறங்கத் தொடங்கிப் பூச்சியம்வரை செல்லும். நீர் 4 பாகையிலேயே மிகக் கூடிய அடர்த்தியுடையது என்பது இதனாற் பெறப்படும். பனிக்கட்டி மிதக்கும் ஏரியொன்றைக் கனவிலுங் காணாத நாம், ஐஸ் உருகுமுன் அளவுகளைக் குறித்துக்கொள்ள அவசரப்பட்டோம், பரீட்சைக்காக அதனை மனனஞ் செய்தோம், பின்னர் மறந்தோம். முப்பது ஆண்டுகள் கழித்து, ஒன்ராறியோவில் உறைந்து கிடந்ததோர் ஏரியின்மேல் நின்றபோதுதான், காலடியில் ஹோப்பின் கருவியே பரந்து கிடக்கின்றது என்பதை உணர்ந்தோம். மேலே பனிக்கட்டி, அடியில் ஏறத்தாழ 4 பாகையில் நீர், அந்நீரில் மீன்கள் உயிர்த்திருக்கின்றன.

அம்மாரிக் காலத்தில் பெருவாய்ப் பாஸ் ஆழத்தில் ஒடுங்கிக் கிடக்கும். மீன் குளிரிரத்தப் பிராணியாகலின், நீர் குளிரக் குளிர அதன் சமிபாடும் அசைவும் மந்தமாகும். உணவு சிறிதே போதும். அப்பருவத்தை விரும்புவோரும் சிலருளர். அவரது பொறுமையை வியக்கின்றோம், பின்பற்றோம்.

வசந்தம் வந்து பனிக்கட்டி உருகியதும் மேல்நீர் 4 பாகையை எட்டும். அப்பொழுது மேலும் கீழும் ஒரே அடர்த்தியுடையனவாதலின், காற்று வீச ஏரி முழுவதும் புரண்டு கலக்கும். பின்னர் கரையோரத்து ஆழமற்ற நீரே முதலில் வெப்பமடையும். மீன்களும் அங்கேயே வந்து சேரும். நீர் 15 அல்லது 16 பாகையை அடையும்போது ஆண்மீன் தன் வாலாற் சேற்றையும் மணலையும் விலக்கி, இரண்டு மூன்று அடி அகலமுள்ள வட்டமான கூடொன்றை அமைக்கும். பெண்மீன் வந்து முட்டையிட்டுப் போய்விடும். பல்லாயிரம் முட்டைகளையுங் காக்கும் பொறுப்பு முற்றாக ஆணுக்கே உரியது. சில நாள்களில் முட்டை பொரிக்கும். குஞ்சுகள் கூட்டமாக நீந்தத் தொடங்கிய பின்னருஞ் சில வாரங்களுக்குத் தந்தை உடன்செல்லும். இக்காலத்தில் அது பெரும்பாலும் உண்பதில்லை. ஆயினும் கூட்டை அணுகும் எதனையும் பாய்ந்து கவ்வும்.

வசந்தமே சிறந்த பருவம் எனப் பலர் கூறுதற்குக் காரணம் இதுதான். கண்ணுக்குத் தெரியும் ஆழத்தில், ஓரிடத்தை விட்டகலாமல் நிற்கும் மீன், பசியின்றியும் தூண்டிலைப் பற்றும். பிடிப்பது எளிது. அவ்வெளிமையை நாம் ஏன் வெறுத்தோம் என்பதைக் கூறல் வேண்டும்.

ஒரு மே மாத இறுதியில், பாசுக்கு இன்னும் பருவந் திறவாத நாளில், வேறு சிறுமீன் பிடிக்கலாமென்று அயல்வீட்டு முதியவர் ஒருவருடன் சென்றிருந்தோம். அவர் அவ்வேரிக்கரையிற் பிறந்து வளர்ந்தவர். நாணற்புதர் அருகே நாம் எறிந்த தூண்டிலைப் பெரியதொரு பாஸ் பற்றிக்கொண்டது. அதுவே நாம் பிடித்த முதற் பாஸ். உடனே விடும்படி முதியவர் சத்தமிட்டார். நாமோ முள்ளைக் கழற்றத் தெரியாமல் தடுமாறினோம். உண்மையைச் சொல்லின், படமொன்று எடுக்கவும் ஆசைப்பட்டோம். மூன்று நான்கு நிமிடங்கள் சென்றிருக்கும். மீனை விட்டபின் முதியவர் எம்மை அழைத்து நீருக்குள் ஓரிடத்தைச் சுட்டிக்காட்டினார். வெண்மையான அவ்வட்டத்தினுள் விரலளவுச் சூரியமீன்கள் பத்துப் பதினைந்து தலைகீழாக நின்று எதையோ கொத்திக்கொண்டிருந்தன. அவர் எம்மைக் கடியவில்லை. அன்று மாலைவரை எம்மோடு பேசவுமில்லை. மீன் தன் கூட்டுக்குத் திரும்பியதா என்பதை நாம் காணவில்லை.

இஃது எமக்கு மாத்திரம் நேர்ந்த தற்செயலன்று என்பதைப் பின்னர் அறிந்தோம். ஒன்ராறியோவில் ஒபினிக்கன் ஏரிக்கரையில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையம் உளது. கூடு காக்கும் பாஸ் மீன்களை ஆராய்ச்சியாளர் அங்கே நெடுங்காலமாக நீருள் மூழ்கி அவதானித்து வந்துள்ளனர். காவலாண் சிறிதுநேரம் அகற்றப்படினும் பிறமீன்கள் முட்டைகளையுங் குஞ்சுகளையுந் தின்றுவிடும் என்பதும், களைத்துத் திரும்பிய தந்தை சில வேளைகளிற் கூட்டையே கைவிட்டுவிடும் என்பதும் அவர்கள் கண்டவை. 'பிடித்து விட்டுவிடுகின்றோமே, தீங்கென்ன?' என்பார்க்கு இதுவே விடை. ஒன்ராறியோவின் தென்பகுதியில் பாஸ் பிடித்தற்குரிய பருவம் நெடுங்காலமாக ஜூன் மாதத்தின் பிற்பகுதியிலேயே திறக்கப்பட்டு வந்தமைக்கும் இதுவே காரணம்.

ஆயின் வசந்தம் எங்கும் ஒரே காலத்தில் வருவதன்று. தென்புளோரிடாவில் மார்கழி மாதத்திலேயே கூடு கட்டும் மீன்களுள. ஒக்கிச்சோபி ஏரியை நாடுவோர் மாசி, பங்குனியைப் போற்றுவர். அங்கு ஆண்டு முழுவதும் பிடிக்கச் சட்டம் இடந்தருகின்றது. வெப்பம் நீடித்திருப்பதால் முட்டையிடுங் காலமும் நீண்டது. ஆதலின் ஒரு நாட்டுச் சட்டத்தை மற்றொரு நாட்டுக்கு அளவுகோலாகக் கொள்ளல் தகாது.

கோடையில் ஏரி மீண்டும் அடுக்குக்களாகப் பிரியும். வெப்பமான இலேசான நீர் மேலே. குளிர்ந்த நீர் கீழே. இடையே வெப்பநிலை சடுதியாக இறங்கும் மெல்லிய படை. கீழ்நீர் மேற்காற்றோடு கலவாமையால் சில ஏரிகளில் அங்கே ஒட்சிசன் குன்றிவிடும். ஆகவே ஆழத்திலேயே மீன் இருக்குமென எண்ணி, ஈயக்குண்டை அடிவரை இறக்குவோர் ஏமாறுவர். நாமும் ஒரு கோடை முழுவதும் ஏமாந்தோம். நாம் வழக்கமாகச் செல்லும் ஸ்கூகொக், றைஸ் முதலிய ஆழங்குறைந்த ஏரிகளில் இவ்வடுக்கு நிலைத்து நில்லாது. அங்கு விடியற்காலையிலும் அந்தியிலும் பூண்டின் ஓரங்களில், தவளையைப் போன்ற போலி இரையை நீர்மேல் இழுத்தல் வேண்டும். பாஸ் மேலெழுந்து அதனை விழுங்கும் ஓசை, தேங்காய் கிணற்றுள் விழுந்தாற்போலிருக்கும். றைஸ் ஏரி என்பதற்கு அரிசி ஏரி என்று பொருள். முன்னர் அங்கே செழித்த காட்டரிசியினால் வந்த பெயர் அது. மீனும் அரிசியும் ஒருங்கே தந்த ஏரியை எம்மவர் தேடிச் சென்றதில் வியப்பில்லை.

கோடையை இகழ்வார்க்கு ஒன்று கூறுவோம். ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் ஜோர்ஜ் பெரி என்னும் இளம் உழவர் 22 இறாத்தல் 4 அவுன்ஸ் நிறையுள்ள பெருவாய்ப் பாசைப் பிடித்தது 1932ஆம் ஆண்டு ஜூன் 2ஆந் திகதியாகும். பொருளாதார மந்தம் வாட்டிய அக்காலத்தில் அவர் குடும்பத்தார் அதைச் சமைத்து உண்டனர். எழுபத்தேழு ஆண்டுகளின் பின், 2009ஆம் ஆண்டு ஜூலை 2ஆந் திகதி, யப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிற்றா என்பவர் அதனிலும் ஏறத்தாழ ஓர் அவுன்ஸ் கூடிய மீனைப் பிடித்தார். முந்திய சாதனையை வெல்லக் குறைந்தது இரண்டு அவுன்ஸ் கூடியிருத்தல் வேண்டுமென்ற விதியினால், இருவரும் சமநிலையினராகவே கொள்ளப்பட்டனர். இரு மீன்களும் வசந்தம் கழிந்தபின் பிடிபட்டவை.

யப்பானில் பாஸ் இயற்கையாக உள்ளதன்று. 1925ஆம் ஆண்டில் ஆஷி ஏரியில் அமெரிக்காவிலிருந்து கொணர்ந்து விடப்பட்டது. பின்னர் நாடெங்கும் பரவி உள்ளூர் மீன்களுக்குக் கேடாயிற்று. 2005 முதல் அதனை உயிருடன் வளர்த்தலும் கொண்டுசெல்லலும் சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளன. பீவா ஏரியிற் பிடித்த பாசை மீட்டும் நீரில் விடுதலே குற்றம். ஒன்ராறியோவில் வசந்த காலத்தில் தப்பித் தவறி மாட்டிக்கொண்ட பாசை உடனே விடாதிருத்தல் குற்றம்.

எமக்குகந்த பருவம் இலையுதிர் காலமே. செப்ரெம்பர் பிற்கூற்றில் மேல்நீர் குளிரத் தொடங்கக் கோடையின் அடுக்கு குலைந்து, ஏரி மீண்டும் ஒருமுறை புரளும். ஒட்சிசன் எங்கும் பரவும். பூண்டுகள் கருகி விழ, அவற்றுள் ஒளிந்த சிறுமீன்கள் வெளிப்படும். பாஸ் மாரிக்காக உடலிற் கொழுப்பைச் சேர்க்கும். கோபத்தினாலன்றிப் பசியினால் இரையைப் பற்றும். அவ்வாண்டுக் குஞ்சுகள் தந்தையின் துணையின்றி வாழக் கற்று மூன்று மாதங்களாகியிருக்கும். மேப்பிள் மரங்களின் செந்நிறம் நீரிற் படிந்திருக்கும்; விடுமுறைக் கூட்டமும் இராது. குறையொன்றுண்டு. ஒக்ரோபர்க் காலையில் நனைந்த தங்கூசி நூலைப் பிடித்த விரல்கள் மரத்துப்போம். வெப்பவலயத்திற் பிறந்த கை அதற்கு இன்னும் பழகவில்லை.

கனடாவுக்கு விருந்தினராய் வரும் பழைய மாணவர், மாகாண அனுமதிப்பத்திரம் பெறாது தூண்டிலைத் தொடலாகாது. திகதிகளும் அளவுகளும் இடத்துக்கிடம் வேறுபடுதலின் அவ்வாண்டு விதிகளைப் படித்தறிதலும் வேண்டும். வருங்காலைச் செப்ரெம்பர் இறுதியாகக் கொண்டால், படகும் கோலும் இரையும் எம் பொறுப்பு. கம்பளிக் கையுறையை மட்டும் தாமே கொண்டுவருவார்களாக.