காலையில் நிற்க நமக்கு ஓர் இடம் வேண்டும்



தை அறுப்பு முடிந்துவிட்டால் நம் மாவட்டத்துக் கிராமங்களில் பெண்களுக்கு வயல் வேலை அதிகம் இருப்பதில்லை. கடற்கரை ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நேரத்தில் நம் உறுப்பினர்கள் பலர் முதல் பஸ்ஸைப் பிடித்து டவுனுக்குச் சித்தாள் வேலைக்குப் போகிறார்கள். குழுக் கடனின் மாதத் தவணையும் இந்தக் கூலியில்தான் கட்டியாகிறது.

வேலை எங்கே கிடைக்கிறது? டீக்கடை வாசலிலும் ரோட்டோரத்திலும் நின்றால்தான் கிடைக்கும். மேஸ்திரி வண்டியை நிறுத்தி, "ரெண்டு சித்தாள் வேணும், ஏறுங்க" என்பார். கூலி எவ்வளவு, எந்த ஊரில் வேலை, எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்று நாம் கேட்பதற்குள் பக்கத்தில் நிற்பவர், "நான் வர்றேண்ணே" என்று முந்திக்கொள்வார். அவர் மேல் தப்பில்லை, வீட்டு நிலைமை அப்படி. சாயங்காலம் பேசியதற்குக் குறைவாகக் கொடுத்தால் யாரிடம் கேட்பது? மேஸ்திரியின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. ஒதுங்க இடமில்லையே என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நிற்கும் பெண்களும் உண்டு.

தெரு வியாபாரிகளுக்கு 2014ல் தனிச் சட்டம் வந்தது. நகர விற்பனைக் குழு, விற்பனைக்கு ஒதுக்கிய இடம் என்று அதில் வழி இருக்கிறது. கடைகளில் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. வேலைக்காக ரோட்டில் காத்து நிற்பவர்களுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு வேண்டாமா?

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். அகமதாபாத்தில் கூலியாட்கள் நிற்கும் முனையைக் 'கடியா நாக்கா' என்பார்கள். கடியா என்றால் அங்கே கொத்தனார். குஜராத் அரசு 2017ல் அந்த முனைகளிலேயே 10 ரூபாய்க்குச் சாப்பாடு கொடுக்கத் தொடங்கியது. 2022ல் திட்டத்தை மறுபடி தொடங்கியபோது விலை 5 ரூபாய். ஆட்கள் நிற்கும் இடத்தை அரசு கணக்கில் எடுத்துக்கொண்டதால்தான் சாப்பாடு அங்கே வந்தது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகராட்சி 1989லேயே கூலியாட்களுக்கென ஓர் இடத்தைத் திறந்தது. வீடு கட்டும் சாமான் விற்கும் பெரிய கடைகள் புதிதாக வரும்போது, அங்கே காத்திருக்கும் கூலியாட்களுக்கு நிழல், குடிநீர், கழிப்பறை கேட்க 2008ல் அந்நகரம் வழி செய்தது.

நாம் கேட்க வேண்டியது பெரிய கட்டிடம் அல்ல.

1. ஒரு கூரை, உட்காரத் திண்ணை, குடிநீர், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை.
2. குறைந்தபட்சக் கூலியை எழுதிய பலகை.
3. ஒரு பதிவேடு. யார் கூட்டிப் போனார், வண்டி எண், பேசிய கூலி, போன ஊர் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

பதிவேடுதான் முக்கியம். கூலி பாக்கி என்றால் அதுவே நம் சாட்சி. 1994 முதல் செயல்படும் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் சேரும்போது, கட்டிட வேலை செய்கிறோம் என்று காட்டவும் அது கைகொடுக்கும்.

ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது சட்டப்படி தப்பு. 1976ல் வந்த சம ஊதியச் சட்டம் இப்போது 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அந்தத் தொகுப்பு அமலில் இருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும் உரிமை போய்விடவில்லை.

இரண்டு விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். ஊருக்கு வெளியே எங்கோ இடம் கொடுத்தால் மேஸ்திரிகள் வர மாட்டார்கள், கூரை மட்டும்தான் மிஞ்சும். ஆகவே இப்போது ஆள் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கேட்போம். இடம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி வேறு முனையில் நிற்பவர்களை விரட்டவும் கூடாது.

இடம் கிடைக்கும் வரை இதைச் செய்யுங்கள். இரண்டு பேராகச் சேர்ந்து போங்கள். வண்டியில் ஏறும் முன் கூலியையும் நேரத்தையும் பேசிவிடுங்கள். மேஸ்திரியின் போன் நம்பரையும் வண்டி எண்ணையும் வாங்கி வீட்டுக்குச் சொல்லுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநரும் பிரதிநிதியும் இதைப் பேசுங்கள். உங்கள் குழுவில் எத்தனை பேர் டவுன் வேலைக்குப் போகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், யாருக்குக் கூலி பாக்கி என்று தீர்மான நோட்டில் எழுதி அனுப்புங்கள். எல்லாக் குழுக்களின் கணக்கையும் சேர்த்து நகராட்சியிலும், கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுப்போம். ஒருத்தியாகப் போய்க் கேட்டால் "பார்க்கலாம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். நூறு பேர் கணக்கோடு போனால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.