பாய்மரப் படகில் பஹாமாஸ்... வயிறு ஒத்துழைக்குமா?

"டாக்டர், பையன் பாய்மரப் படகு வாங்கியிருக்கான். குளிர்காலத்துக்கு எங்களையும் பஹாமாஸ் தீவுக்குக் கூட்டிட்டுப் போறேங்கறான். எனக்கு பஸ்ஸுல போனாலே வாந்தி. இவருக்கோ சர்க்கரை, பிராஸ்டேட் தொந்தரவு வேற. போகலாமா, வேணாமா?"

போன வருடம் என்னிடம் வந்த 62 வயது அம்மா ஒருவர் கேட்ட கேள்வி இது. மகனுக்கு அமெரிக்காவில், வர்ஜீனியாவில் வேலை. "வேண்டாம்" என்று சொல்லத்தான் முதலில் வாய் வந்தது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்ததும், விவரம் கேட்க ஆரம்பித்தேன்.

அங்கே குளிர் தொடங்கியதும், பறவைகள் தெற்கே போகிற மாதிரி படகுக்காரர்களும் கிளம்பிவிடுவார்கள். நார்ஃபோக்கிலிருந்து மயாமி வரை கரையை ஒட்டியே ஆறு, காயல், கால்வாய் என்று சுமார் 1,750 கிலோமீட்டருக்கு நீர்வழி இருக்கிறது. நம்ம பக்கிங்ஹாம் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர், சைக்கிள் வேகம்தான்! இதில் வயிற்றுக்கு அதிகம் தொல்லை இல்லை.

சோதனை கடைசியில்தான். மயாமி பக்கத்திலிருந்து பிமினி தீவுக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர் திறந்த கடல். நடுவில் 'கல்ஃப் ஸ்ட்ரீம்' என்ற பெரிய நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. எதிரே வாடைக்காற்று வீசினால் அலைகள் சுவர் மாதிரி எழும்பும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் காற்று மாறும் வரை கரையிலேயே காத்திருப்பார்கள்.

கடலில் ஏன் குமட்டுகிறது?

நம் உள்காதில் இருக்கும் திரவம் 'உடம்பு ஆடுகிறது' என்று மூளைக்குச் சொல்கிறது. அறைக்குள் உட்கார்ந்திருக்கும் கண்ணோ 'எதுவும் அசையவில்லை' என்கிறது. இந்தக் குழப்பம்தான் குமட்டலாக வருகிறது.

அந்தத் தம்பதிக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்:

* முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். அதற்காக வெறும் வயிறும் கூடாது; இரண்டு இட்லி போதும்.

* மேல்தோல் சீவிய சுக்கின் பொடி, அரை டீஸ்பூன். வெந்நீரில் கலந்து, கிளம்புவதற்கு அரை மணி முன்னால் குடியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

* படகின் நடுப்பகுதியில், மேல்தளத்தில் உட்காருங்கள். பார்வை தொடுவானத்தில் இருக்கட்டும். புத்தகம் படிக்காதீர்கள். சுக்கானைப் பிடிக்கக் கொடுத்தால் இன்னும் நல்லது!

* வாந்தி வந்தால் விளிம்பில் எட்டிக் குனியவே கூடாது; தவறி விழும் அபாயம் உண்டு. பக்கத்தில் வாளி இருக்கட்டும். பாதுகாப்புப் பட்டையைக் கழற்றாதீர்கள்.

* காதுக்குப் பின்னால் ஒட்டும் பிளாஸ்திரி, தூக்கம் வரவழைக்கும் வாந்தி மாத்திரை எதையும் நீங்களாக வாங்காதீர்கள். பிராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து.

* சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, சாப்பாடு வயிற்றில் தங்காமல் போனால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். பரிசோதனைக் கருவியும் குளுக்கோஸும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். அன்றைய மருந்தின் அளவை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் சொல்லிவிட்டு, "அம்மா, சுக்கு குமட்டலைத்தான் தணிக்கும், அலையை அடக்காது. மகன் அவசரப்பட்டாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள்" என்றேன்.

ஊர் திரும்பியதும் இருவரும் வந்தார்கள்.

"மயாமி பக்கத்துல ஒன்பது நாள் காத்துக் கிடந்தோம் டாக்டர். லீவு தீருதேன்னு பையனுக்குக் கவலை. அஞ்சாம் நாளே கிளம்பலாம்னான். இவர்தான் 'காத்து மாறட்டும்டா'ன்னு ஒரே பிடிவாதம். அன்னிக்குக் கிளம்பிப் போன ஒரு படகு பாதியிலேயே திரும்பி வந்துடுச்சு!"

"சரி, கடல் தாண்டும்போது எப்படி இருந்தது?"

"எனக்கு ரெண்டு தடவை வாந்தி. இவருக்கு ஒண்ணுமே இல்லை. ஸ்கூட்டரைத் தொட்டு நாலு வருஷம் ஆச்சு, அங்கே ரெண்டு மணி நேரம் சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார்!"

அவர் வெட்கத்தோடு சிரித்தார்.

உங்கள் பிள்ளைகளும் கூப்பிட்டால் தைரியமாகப் போங்கள். சுக்குப் பொடியோடு, கையில் பத்து நாள் உபரியாகவும் எடுத்துக்கொண்டு போங்கள்!