காட்டுப் பாதைக்கு ஏற்ற குதிரை எது?



குதிரை என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது, தோட்டத்து முனியாண்டி கோயிலில் காலைத் தூக்கி நிற்கும் வெள்ளைக் குதிரைதான். அதற்கு அழகு போதும். ஆனால் ஆளைச் சுமந்துகொண்டு செம்மண் சாலையிலும் காட்டு வழியிலும் நடக்க வேண்டிய குதிரைக்கு அழகு மட்டும் போதாது. லங்காவிக்குச் சுற்றுலா போகும்போது பிள்ளைகள் குதிரை ஏற ஆசைப்படலாம். சவாரி நிலையத்தில் நம் இளைஞருக்கு வேலை கிடைக்கலாம். எந்தக் குதிரையை நம்பலாம் என்று தெரிந்திருந்தால் ஏறுபவரும் பிழைப்பார், குதிரையும் பிழைக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது தட்பவெப்பம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகள் கப்பலில் வந்திறங்கியும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். பேணத் தெரியாததே காரணம் என்றும் குறித்தார்.

குதிரையும் மனிதரைப் போல வியர்த்துத்தான் உடற்சூட்டைத் தணிக்கிறது. கெடாவின் புழுக்கத்தில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. குளிர்நாட்டிலிருந்து வரும் குதிரைகள் சிலவற்றுக்கு நாளடைவில் வியர்ப்பதே நின்றுவிடும். ஓடி வந்த பிறகு மூச்சு இரைக்கும், உடல் கொதிக்கும். தோல் மட்டும் உலர்ந்திருக்கும். அக்குதிரையை நிழலில் நிறுத்தி, உடனே நீரூற்றிக் குளிர்விக்க வேண்டும். வெயிலில் மேலும் ஓட்டினால் உயிருக்கே ஆபத்து.

இனி இனங்களைப் பார்ப்போம். பந்தயத் திடல்களில் ஓடுவது தரோபிரெட் இனம். ஏறத்தாழ 16 கை உயரம் இருக்கும். குதிரைக் கணக்கில் ஒரு கை என்பது 4 அங்குலம். இங்கிலாந்தில் வேகத்துக்காகவே வளர்த்தெடுக்கப்பட்ட இனம் இது. சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5-ஆம் நாள் கடைசிப் பந்தயம் நடந்தது. இப்படிப் பந்தய வாழ்வு முடிந்த குதிரைகள் மறுபயிற்சி பெற்றுச் சவாரிக்கு வருவதுண்டு. தேர்ந்தவர் கையில் அவை நன்றாக நடக்கும். புதிதாக ஏறுபவருக்கு ஏற்றவை அல்ல.

அரபுக் குதிரை 14 முதல் 15 கை உயரமே. வெப்பம் தாங்கும், நெடுந்தூரம் சளைக்காது. 2008-இல் திரங்கானுவில் நடந்த உலகப் போட்டியைப் போன்ற 160 கிலோமீட்டர் சவாரிகளில் அரபு இரத்தம் கொண்ட குதிரைகளே முன்னிற்கின்றன. எனினும் கூரிய உணர்வுடையது. ஏறுபவரின் அச்சத்தை உடனே கண்டுகொள்ளும்.

இந்தோனேசியாவின் சும்பா தீவுக் குதிரையும், சுமத்ராவின் பத்தாக் குதிரையும் 13 கை அளவில் நிற்கும் சிறு இனங்கள். இந்த வெயிலுக்கும் புல்லுக்கும் பழகியவை. சபாவில் கோத்தா பெலூட் வட்டாரத்துப் பாஜாவ் மக்கள் தலைமுறை தலைமுறையாக ஏறி வருவதும் சிறு குதிரைகளையே. குறுகிய பாதையில் லாகவமாகத் திரும்பும். விழுந்தாலும் உயரம் குறைவு.

ஆனால் சுமைக் கணக்கை மறக்கலாகாது. ஏறுபவரும் சேணமும் சேர்ந்த எடை, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நல்லது. 250 கிலோ குதிரைக்கு 50 கிலோ. பள்ளிப் பிள்ளைக்குப் போதும். 80 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ சேணத்துடன் ஏற வேண்டுமானால் 450 கிலோ குதிரை வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும், இனத்தைவிடக் குணமே பெரிது. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது என்பார்கள். சோதிக்காத குதிரையும் அப்படித்தான். பழகுநருக்கு எட்டு வயதைக் கடந்த, அனுபவமுள்ள குதிரையே மேல். முதலில் அதன் சொந்தக்காரரை ஏறச் சொல்லுங்கள். மற்றக் குதிரைகளை விட்டுத் தனியே போகிறதா? மோட்டார் சைக்கிள் கடந்தால் மிரள்கிறதா? கான்வாயைத் தாண்டுகிறதா? பலகைப் பாலத்தில் நடக்கிறதா? நான்கு கால்களையும் தூக்கிக் குளம்பு பார்க்க விடுகிறதா? குளம்பில் வெடிப்போ நாற்றமோ இருந்தால் அன்று சவாரி வேண்டாம்.

அமைதியான குணம், திடமான குளம்பு, வெப்பம் தாங்கும் உடல், எடைக்கேற்ற அளவு ஆகிய நான்கும் கூடிய குதிரை எந்த இனமாயினும் நல்ல குதிரையே. பிள்ளையை ஏற்றும் முன் இந்த நான்கையும் கேட்டறியுங்கள், தலைக்கவசமும் அணிவியுங்கள்.