எஞ்சின் இல்லாத ரேஸ் கார்!

எஞ்சின் கிடையாது. பெட்ரோல் கிடையாது. சாவி கொடுக்க ஒரு ஸ்பிரிங்கூடக் கிடையாது. இப்படி ஒரு கார் ரேஸில் ஓடுமா? ஓடும் குட்டீஸ்! அமெரிக்காவில் உங்கள் வயதுப் பிள்ளைகள் இதற்காகவே மரக்கட்டையும் உப்புத்தாளுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். போட்டியின் பெயர், 'பைன்வுட் டெர்பி'.

இதைத் தொடங்கி வைத்தவர் டான் மர்ஃபி. கலிபோர்னியாவில் உள்ள மன்ஹாட்டன் பீச் என்ற ஊரில், 1953-ம் ஆண்டு முதல் போட்டி நடந்தது. அந்தக் காலத்தில் அங்கே 'சோப் பாக்ஸ் டெர்பி' ரொம்பப் பிரபலம். பிள்ளைகள் தாங்களே செய்த வண்டியில் ஏறி, மேட்டிலிருந்து சர்ரென்று உருண்டு வருவார்கள். மர்ஃபியின் மகனுக்கு அதில் சேர வயது போதவில்லை. ஏறி ஓட்ட முடியாவிட்டால் என்ன? கைக்கு அடக்கமாகச் செய்து ஓட்டலாமே! சாரணர் இயக்கத்தின் குருளையர்களுக்காக மர்ஃபி இதை உருவாக்கினார்.

எல்லோருக்கும் கிடைப்பது ஒன்றுதான்: 18 செ.மீ. நீளமுள்ள பைன் மரக்கட்டை, 4 பிளாஸ்டிக் சக்கரங்கள், அச்சாக மாட்ட 4 ஆணிகள். மொத்த எடை சுமார் 142 கிராமைத் தாண்டக்கூடாது. சரிவான பாதையின் உச்சியில் நிறுத்தி விட்டால், சுமார் மூன்றே விநாடியில் ஆட்டம் முடிந்துவிடும்! விரல் அகல வித்தியாசத்தில் தோற்பவர்களும் உண்டு.

சரி, ஒரே மாதிரி கட்டை, ஒரே மாதிரி சக்கரம். அப்புறம் எப்படி ஒன்று மட்டும் முந்துகிறது?

பெயின்ட் அடித்து, மூக்கைக் கூராக்குவதில்தான் பலர் நேரத்தைச் செலவழிக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால், சூட்சுமம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் எடை. அனுமதித்த எடையை முழுசாகப் பயன்படுத்த வேண்டும். கனமான காரைக் காற்று அவ்வளவு சுலபமாகத் தடுத்துவிட முடியாது. அந்தக் கனத்தை எங்கே வைப்பது? பின்பக்கம்! ஏன் தெரியுமா? சரிவில் நிற்கும்போது காரின் பின்பக்கம்தான் மேலே இருக்கும். எடையின் மையத்தை 5 செ.மீ. பின்னால் தள்ளினால், 30 டிகிரி சரிவில் அது இரண்டரை செ.மீ. உயரம் கூடுகிறது. கூடுதல் உயரத்திலிருந்து இறங்கினால் கூடுதல் வேகம். ஆனால் பேராசைப்பட்டு ஒரேயடியாகப் பின்னால் வைத்தால், முன்சக்கரம் தரையில் பதியாமல் கார் தள்ளாடும். பாதையின் நடுவே உள்ள தண்டில் இடித்து இடித்தே வேகம் போய்விடும். பின் அச்சுக்குச் சற்று முன்னால் மையம் இருப்பதே நல்லது. எடைக்கு ஈயம் வேண்டாம், அது விஷம். டங்ஸ்டன் துண்டுகளைப் பதிக்கிறார்கள். ஈயத்தைவிடக் கனம், இடமும் குறைவு.

அடுத்த எதிரி, உராய்வு. ஆணியின் தலைக்கு அடியில் பார்த்தால் சின்னச் சின்னப் பிசிறுகள் இருக்கும். சக்கரம் சுற்றும்போது அவை உரசி இழுக்கும். அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, ஆணியைக் கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும். இதற்குப் பொறுமை தேவை. (அப்பாக்களே ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேய்ப்பதும் உண்டாம்!) பிறகு கிராபைட் தூள். உங்கள் பென்சிலில் இருக்கிறதே, அதே கிராபைட்தான். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும். பல போட்டிகளில் அதற்குத் தடையும் உண்டு.

இன்னொரு தந்திரம்: முன்சக்கரம் ஒன்றை, தரையைத் தொடாதபடி இம்மியளவு தூக்கிப் பொருத்துவார்கள். தொடாத சக்கரத்தைச் சுழற்றச் சக்தி செலவாகாது! சில இடங்களில் இதற்கு அனுமதி இல்லை.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். ஒரே மாதிரியான இரண்டு பொம்மைக் கார்கள் எடுங்கள். ஒன்றின் முன்பக்கமும், மற்றதன் பின்பக்கமும் ஒரே அளவு நாணயங்களை ஒட்டுங்கள். சாய்வான பலகையில், இரண்டின் மூக்கும் ஒரே கோட்டில் இருக்கும்படி நிறுத்தி விடுங்கள். ஒருமுறை ஓடியதை வைத்து முடிவு கட்டாதீர்கள். பத்து முறை ஓட்டி எண்ணுங்கள். அப்புறம் நாணயங்களை இடம் மாற்றி ஒட்டி, இன்னும் பத்து முறை!