மே மாதத்துப் பகல் கனவு... பனியன் ஊருக்கு எப்படிப்பட்ட வகுப்பறை வேண்டும்?

அவிநாசியிலிருந்து திருப்பூர் போகும் சாலையில் திருமுருகன்பூண்டியைக் கடக்கும்போது இரண்டு சத்தங்கள் காதில் விழும். ஒன்று, சிற்பக்கூடங்களில் கல்லைக் கொத்தும் உளிச் சத்தம். இன்னொன்று, பனியன் கம்பெனிகளின் தையல் மெஷின் சத்தம். கோடை, மழை, பண்டிகை என்று எது வந்தாலும் இரண்டும் அநேகமாக நிற்பதில்லை. மே மாதத்தில் நின்றுபோகும் ஒரே சத்தம் பள்ளிக்கூட மணிதான்.

'வாத்தியாருக்கு என்னப்பா, ஒரு மாசத்துக்கு மேல லீவு' என்பது ஊர் பேச்சு. உண்மையில் அந்த லீவு எப்படிக் கழிகிறது? விடைத்தாள் திருத்தும் பணி, தேர்ச்சிப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் எழுதுவது, வீடு வீடாகச் சென்று மாணவர் சேர்க்கை, சில ஆண்டுகளில் தேர்தல் பணி என்று பாதி நாள்கள் கரைந்துவிடும். அண்மை ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் சேர்க்கை மார்ச் மாதமே தொடங்கிவிடுவதால், வெயில் ஏறும்போதே துண்டுப் பிரசுரத்துடன் தெருவில் இறங்க வேண்டியிருக்கிறது. மிச்சமிருக்கும் சில நாள்களில்தான், 'அடுத்த வருஷம் நம்ம வகுப்பு எப்படி இருக்கணும்?' என்று யோசிக்க ஆசிரியருக்கு நேரம் கிடைக்கிறது.

திருப்பூர் போன்ற ஊரில் அந்த யோசனை வகுப்பறைக்கு என்ன பெயின்ட் அடிப்பது என்பதோடு முடிவதில்லை. ஜூன் மாதம் முதல் நாள் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது எத்தனை பிள்ளைகள் 'உள்ளேன்' சொல்லப்போகிறார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறது.

ஜூனில் காணாமல் போகிறவர்கள்

பின்னலாடை ஊரில் பிள்ளைகள் பள்ளியிலிருந்து நழுவுவது பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி ரயில். பீகார், ஒடிசா, ஜார்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று பல மாநிலத்துக் குடும்பங்கள் இங்கே தைத்தும் மடித்தும் பிழைக்கின்றன. பரீட்சை முடிந்ததும் சொந்த ஊர் போகும் பிள்ளை ஜூலையில் வரலாம், செப்டம்பரில் வரலாம், வராமலும் போகலாம். தென் மாவட்டங்களிலிருந்து வந்து வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே கதைதான்.

இரண்டாவது வழி லைன் வீடு. வாடகை கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலோ, வேறு கம்பெனியில் பீஸ் ரேட் கூடுதலாகக் கிடைத்தாலோ குடும்பம் இடம் மாறிவிடும். நான்கு கிலோமீட்டர் தள்ளிப் போனாலே பழைய பள்ளி எட்டாத தூரம். புதிய பள்ளிக்கு மாற்றுச் சான்றிதழ் வேண்டுமே என்ற தயக்கத்திலேயே ஒரு பருவம் ஓடிவிடும்.

மூன்றாவது வழிதான் ஆபத்தானது. 'லீவுல சும்மாதானுங்க இருக்கான், கூட வந்து நாலு பீஸ் அடுக்கட்டும்' என்று ஒரு பையனைக் கம்பெனிக்குக் கூட்டிப்போவார்கள். ஒரு சனிக்கிழமை அவன் கையில் சம்பளக் காசு விழும். பதின்மூன்று வயதில் சொந்தமாகச் சம்பாதித்த காசுக்கு இருக்கும் ருசி, எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்துக்குச் சுலபத்தில் வந்துவிடாது. பள்ளி திறந்த பிறகும் அவன் கம்பெனி வாசலில் நிற்பான்.

2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது. மீறும் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால், பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று அதே சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வீட்டுக்கு வாங்கி வந்து பிசிறு வெட்டும் வேலை அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வருகிறது.

நீண்ட இடைவெளி படிப்பை என்ன செய்யும் என்பதைக் கொரோனா காலம் காட்டிவிட்டது. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 5 மாநிலங்களின் அரசுப் பள்ளிகளில் 16,067 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2021-ல் வெளியானது. முந்தைய ஆண்டு கற்ற மொழித் திறன்களில் குறைந்தது ஒன்றையாவது 92 சதவிகிதப் பிள்ளைகள் இழந்திருந்தார்கள். கணக்கில் அது 82 சதவிகிதம். கோடை விடுமுறை அவ்வளவு நீளம் இல்லைதான். ஆனால் வீட்டில் புத்தகமும் இல்லாமல், படித்துக் காட்ட ஆளும் இல்லாமல் இருக்கும் பிள்ளைக்கு ஐந்து வாரமே நீளம்தான்.

பகல் கனவு கண்ட வக்கீல்

நாளைய வகுப்பறையைப் பற்றிக் கனவு காண்பது புதிதல்ல. குஜராத்தில் பிறந்த கிஜுபாய் பதேக்கா வக்கீலாக இருந்து ஆசிரியர் ஆனவர். 1920-ல் பாவ்நகரில் சிறு குழந்தைகளுக்கான 'பால மந்திர்' பள்ளியைத் தொடங்கியவர். அவர் எழுதிய 'திவாஸ்வப்னா' தமிழிலும் 'பகல் கனவு' என்ற பெயரில் கிடைக்கிறது. நாலாம் வகுப்பை ஒரு வருடம் தன் போக்கில் நடத்த அனுமதி கேட்டு வாங்கும் ஓர் ஆசிரியரின் கதை அது. பாடப் புத்தகத்தை மூடிவிட்டுக் கதை சொல்வதில் அவர் ஆரம்பிக்கிறார். முதல் நாள் திட்டம் சொதப்புகிறது. வகுப்பு சந்தைக்கடை ஆகிறது. சக ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். ஆனாலும் அவர் விடுவதில்லை. கோடையில் ஓர் ஆசிரியர் ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படிக்கலாம்.

தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு கனவு பெரிய அளவில் நடந்திருக்கிறது. ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமத்துப் பள்ளிகளுக்காக உருவான முறையைப் பார்த்துவந்து, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். 2007-08-ல் அது மாநிலம் முழுக்கப் போனது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அவர்கள் கைக்கு எட்டும் உயரத்துக்குக் கரும்பலகை இறங்கி வந்தது. ஏணிப்படி போல அட்டைகள் இருந்தன. ஒரு பிள்ளை ஒரு வாரம் வராமல் போனால், திரும்பி வரும்போது விட்ட படியிலிருந்தே ஏறலாம். அடிக்கடி ஊர் மாறும் பிள்ளைகள் இருக்கும் திருப்பூருக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை குறைவு. அட்டைகளைப் பராமரிப்பதும் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகக் கவனிப்பதும் ஆசிரியருக்குப் பெரும் சுமை என்ற புகாரும் அன்றே இருந்தது.

2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் அந்த யோசனையின் சாயல் உண்டு. ஒரே வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். இன்னொரு விஷயத்தையும் மறக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள் போதும். அதாவது ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே பேர். எனவே நாளைய வகுப்பறை என்பது பல இடங்களில் இரண்டு மூன்று வகுப்புகள் சேர்ந்து உட்காரும் ஒரே அறைதான். யோசனையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பெஞ்சை எப்படிப் போடுவது?

2025 ஜூலையில் 'ப' வடிவ இருக்கை முறையைப் பற்றித் தமிழ்நாடே பேசியது. ஒரு மலையாளப் படத்தின் தாக்கத்தில் கேரளப் பள்ளிகள் சில மாற, இங்கேயும் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. கடைசி பெஞ்ச் என்று ஒன்று இருக்காது என்பது நல்ல விஷயம். பக்கவாட்டில் உட்காரும் பிள்ளை நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும் என்பது நியாயமான கவலை. 20 பேர் இருக்கும் அறையில் 'ப' அழகாக அமையும். 45 பேர் என்றால் பெஞ்சுகள் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும்.

கதை நேரத்துக்கு 'ப', கணக்குக்கு நாலு பேர் குழு, எழுதும் நேரத்துக்குப் பலகையைப் பார்த்த வரிசை என்று வேலைக்கேற்ப மாற்றிக்கொண்டால் இந்தச் சண்டையே இல்லை. அதற்கு வேண்டியது பிள்ளைகளே தூக்கிப் போடக்கூடிய எடை குறைந்த பெஞ்ச், அல்லது பாய். கடைசி பெஞ்சை ஒழிப்பதைவிட, அங்கே ஒரே பிள்ளையை வருடம் முழுக்க உட்கார விடாமல் இருப்பது முக்கியம்.

அப்பாவின் மெஷினே பாடப் புத்தகம்

திருமுருகன்பூண்டி ஆசிரியருக்கு ஒரு வசதி உண்டு. பாடத்துக்கான பொருள் தெருவிலேயே கிடைக்கிறது.

பனியன் துணியின் கனத்தை 'ஜிஎஸ்எம்' என்று சொல்வது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. கம்பெனியில் ஒரு வட்டக் கத்தியால் 100 சதுர சென்டிமீட்டர் துண்டு வெட்டி எடை போடுவார்கள். 1.6 கிராம் வந்தால், நூறால் பெருக்கி 160 ஜிஎஸ்எம். ஏன் நூறால் பெருக்க வேண்டும்? அந்த வட்டத்தின் ஆரம் எவ்வளவு? தசமமும் வட்டப் பரப்பும் ஒரே கட்டிங் வேஸ்ட் துண்டில் இருக்கின்றன.

30-ம் நம்பர் நூல் என்றால் என்ன? 840 கஜம் கொண்ட சிட்டம் 30 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்று பொருள். 30-ஐ 840-ஆல் பெருக்கினால் 25,200 கஜம், கிட்டத்தட்ட 23 கிலோமீட்டர். நம்பர் கூடக்கூட நூல் ஏன் மெலிகிறது என்று கேட்டால், எதிர் விகிதம் தானாகப் புரியும்.

சாலையோரச் சிற்பக்கூடத்தில் விகிதம் கல்லிலேயே இருக்கிறது. நவதாளம் என்ற அளவில் ஒரு சிலையின் உயரம் 108 அங்குலம், முகம் 12 அங்குலம். சிற்ப அங்குலம் என்பது நம் இஞ்ச் அல்ல, சிலையின் உயரத்தைப் பகுத்துக் கிடைக்கும் அளவு. அப்படியென்றால் மூன்றடிச் சிலைக்கு முகம் எத்தனை இஞ்ச்? ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது நான்கு இஞ்ச். அரை நாள் அனுமதி கேட்டுப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால், விகிதம் என்ற சொல்லுக்கு உருவம் கிடைக்கும்.

நொய்யல் ஆறு அறிவியல் பாடம். சாயக்கழிவு ஆற்றை என்ன செய்தது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஏன், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிப்பது எப்படி என்று கேட்க ஆரம்பித்தால் ஒரு பருவமே போதாது. பிள்ளைகளின் அப்பா அம்மாவே இந்தப் பாடங்களில் சிறப்பு விருந்தினர்கள். 'எங்கப்பா ஓவர்லாக் டெய்லர்' என்று கூச்சமில்லாமல் எழுந்து நின்று சொல்லும் பிள்ளை, அந்த வகுப்பை விட்டுச் சீக்கிரம் போகாது.

தமிழ் தெரியாத பிள்ளைக்கு முதல் வாரம்

இந்தி, ஒடியா, வங்காளி பேசும் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அ, ஆ புரியவில்லை. அதைவிட, பாத்ரூம் போக வேண்டும் என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கேரளாவின் எர்ணாகுளம் மாவட்டம் இதற்காக 2017-ல் 'ரோஷ்ணி' திட்டத்தைத் தொடங்கியது. காலை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே வெளிமாநிலப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு. அவர்கள் மொழி தெரிந்த தன்னார்வலர் ஒருவர், பிள்ளையின் மொழியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மலையாளத்துக்கு அழைத்துவந்தார்.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் முதல் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. பிள்ளைகள் எப்படியும் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள். சாப்பாட்டுக்கும் முதல் மணிக்கும் நடுவே உள்ள நேரத்தில் பத்துத் தமிழ்ச் சொல் என்றாலும் ஒரு மாதத்தில் இருநூறு சொல் தேறும். லைன் வீட்டில் தமிழும் இந்தியும் பேசும் ஓர் அக்கா கட்டாயம் இருப்பார். அவரைக் கண்டுபிடிப்பதுதான் கோடையில் செய்ய வேண்டிய வேலை.

பெற்றோர் தெரிந்துகொள்ள...

* 6 முதல் 14 வயதுப் பிள்ளையை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்ற காரணத்துக்காகப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது.

* மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது.

* கல்வி ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

* படிப்பை விட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். இவை நான்கும் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்பவை.

* பிள்ளைகள் வேலை செய்வதைப் பார்த்தால் 1098 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

முதலை விழுங்கிய பிள்ளை

பூண்டிக்குப் பக்கத்து ஊரான அவிநாசியில் எல்லோரும் அறிந்த கதை ஒன்று உண்டு. குளத்துக்குப் போன இரண்டு சிறுவர்களில் ஒருவனை முதலை விழுங்கிவிடுகிறது. சில ஆண்டுகள் கழித்து, தப்பிய பையன் வீட்டில் பூணூல் கல்யாணம், எதிர்வீட்டில் அழுகை. அந்த வழியே வந்த சுந்தரர் பதிகம் பாட, முதலை பிள்ளையைக் கரையில் உமிழ்கிறது. விழுங்கிய வயதில் அல்ல, இடையில் போன ஆண்டுகளுக்கான வளர்ச்சியோடு பிள்ளை திரும்பி வருகிறான்.

வயதுக்கேற்ற வகுப்பு என்று சட்டம் சொல்வதும் அதைத்தான். பதின்மூன்று வயதில் திரும்பி வரும் பையனை மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் மறுநாளே கம்பெனிக்குப் போய்விடுவான். எட்டாம் வகுப்பில் அவன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்து, விட்டதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

வெள்ளைப் பலகையும் ஸ்மார்ட் போர்டும் வரட்டும். இந்த ஊரின் நாளைய வகுப்பறைக்கு முதல் தேவை, போன வருடப் பதிவேட்டிலுள்ள பெயர்களின் பட்டியலும் அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டின் விலாசமும்தான். பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பு அந்தப் பட்டியலோடு ஓர் ஆசிரியர் தெருவில் நடந்தால், 'டீச்சர் வர்றாங்கடா' என்று கத்திக்கொண்டே ஒரு பிள்ளை வீட்டுக்குள் ஓடும். ஜூன் முதல் நாள் அந்தப் பிள்ளை வகுப்பில் இருக்கும்.